வால் சீட்டில் மாரிக்கண்ணு

பழனிக்கு நடந்து போகிறவர்கள் சாப்பிட்டு இளைப்பாறிப் போகும் மடம் அது. அதை நடத்துபவர் ஞானாம்பிகை அம்மா. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டுக் காவி கட்டியவர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் வைத்தியலிங்கத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போ அவரை விட்டுவிட்டது. அவர்தான் இன்னும் டிப்போவை விடவில்லை.

மடத்துக்கு அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிப் போடுவது அவருக்குக் கொடுத்த வேலை. அவரோ பூசணிக்காயை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது என்று வெட்டுகிறவருக்குப் பாடம் எடுப்பார். ரசத்தை இறக்கு என்பார். இறக்கியதும், ஏன் இறக்கினாய் என்பார். சமையல்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் தலைமைச் சமையல்காரி மாரிக்கண்ணுவே அம்மாவிடம் வந்து நின்றார்.

"தைப்பூசத்துக்கு அப்புறம் இங்க ஒண்ணு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அதைக் கேட்டு வைத்தியலிங்கம் கலங்கிப்போனார். மனைவி போன பிறகு இந்த மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

"அம்மா, என்கிட்ட யாருமே ஏன் நிலைக்க மாட்டேங்கிறாங்க?"

அம்மா தன் லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"இது ஒரு விளையாட்டு ஐயா. உலகப் போர் நடக்குது. இது குண்டு போடுற விமானம், உள்ள ஏழு பேர். யார் எங்க உட்காரணும், என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும். போயிட்டு ஏழு பேரையும் உயிரோட கூட்டிட்டு வாங்க."

"மடத்துல உட்கார்ந்து குண்டு போடுறதாம்மா?"

"இந்தக் குண்டு யார் தலையிலயும் விழாது. நேத்து சாம்பார்ல நீங்க அள்ளிப் போட்ட மிளகாய்த்தூள்தான் எல்லார் வயித்துலயும் விழுந்துச்சு."

வீரர்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னது விளையாட்டு. விமானிக்கு வைத்தியலிங்கம் என்று தன் பெயரையே வைத்தார். மற்றவர்களுக்குச் சமையல்கட்டு ஆட்களின் பெயர்கள். வாலில் துப்பாக்கியோடு உட்காருகிற ஆளுக்கு மாரிக்கண்ணு என்று வைத்தார்.

விமானம் கிளம்பியது. கடலைத் தாண்டுவதற்குள் விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"இன்ஜின்ல தீப்பிடிச்சுதும்மா. அணைக்கப் போனேன்."

"அணைக்க ஆள் இல்லையா?"

"இருந்தான். வேகம் பத்தலை."

"சரி, மறுபடி போங்க."

மறுபடியும் விழுந்தது. இந்த முறை வழி பார்க்கிறவனின் வரைபடத்தைச் சரிபார்க்கப் போயிருந்தார். அதற்கடுத்த முறை வானொலிக்காரனைத் தள்ளிவிட்டுத் தானே பேசப் போயிருந்தார். ஆட்கள் சரியில்லை என்று சலித்துக்கொண்டார். டிப்போவிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்தி சமையல்கட்டுக்கு எட்டியது. மாரிக்கண்ணு கையில் கரண்டியோடு வந்தார்.

"என்னைக் கொன்னுட்டீங்களாமே?"

"விளையாட்டுலதான்மா."

"எத்தனை வாட்டி?"

வைத்தியலிங்கம் கூரையைப் பார்த்தார்.

"எங்க உட்கார வச்சீங்க?"

"வால்ல."

"அடுப்படியிலதான் நிம்மதியா நிக்க விடலைன்னா, வால்லயுமா?" மாரிக்கண்ணு சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி, கிளப்புங்க. நான் எப்படிச் சாகுறேன்னு பாத்துட்டுப் போறேன்."

எதிரி விமானங்கள் வந்தன. வாலில் இருந்த மாரிக்கண்ணு நன்றாகத்தான் சுட்டார். ஒன்றை வீழ்த்தியும் விட்டார். பக்கத்தில் இருந்த மாரிக்கண்ணுவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு வாலில் அடி விழுந்தது. அங்கிருந்த மாரிக்கண்ணு சுருண்டு விழுந்தார்.

வைத்தியலிங்கம் பதறிப்போனார். விமானியைச் சீட்டிலிருந்து எழுப்பி, மருந்துப் பெட்டியைத் தூக்கவைத்து, வாலை நோக்கி ஓடவிட்டார். அவர் பாதி தூரம் ஓடுவதற்குள் விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது.

"உன்னைக் காப்பாத்தத்தான்மா வந்தேன்," என்றார்.

"தெரியுது ஐயா. நீங்க வராம இருந்திருந்தா பொழைச்சிருப்பேன்."

மாரிக்கண்ணு கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு வைத்தியலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு லேப்டாப்பை விட்டு நகரவும் இல்லை. தட்டைக்கூட அங்கேயே வாங்கிக்கொண்டார். சமையல்கட்டை எட்டிப் பார்க்கவில்லை. அங்கே பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். கழன்றுபோன ஒருவர் திரும்பிக்கூட வந்துவிட்டார்.

பூசத்துக்கு நடக்கிறவர்களின் முதல் கூட்டம் மடத்துக்கு வந்த காலையில்தான் அது நடந்தது. விமானத்தில் தீப்பிடித்தது. வானொலிக்காரனை அணைக்கச் சொல்லிவிட்டு, வைத்தியலிங்கம் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அவன் ஆற அமர நடந்து போய் அணைத்தான். மாரிக்கண்ணுவுக்கு அடிபட்டது. வேறொருவன் போய்க் கட்டுப் போட்டான். கட்டு கோணல் என்றுதான் வைத்தியலிங்கத்துக்குத் தோன்றியது, ஆனாலும் கையை எடுக்கவில்லை. விமானி சீட்டிலேயே இருந்தார். விமானம் புகையோடு தள்ளாடி வந்து தரையிறங்கியது. ஏழு பேரும் இறங்கி நடந்தார்கள்.

வைத்தியலிங்கம் அழுதேவிட்டார். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, ஏழு பேரும் வந்துட்டோம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. இனிமே என் சீட்டை விட்டு நான் எழுந்திரிக்கவே மாட்டேன்."

"சந்தோஷம் ஐயா," என்றார் அம்மா.

வாசலில் அரோகரா என்று குரல் கேட்டது. வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து மாரிக்கண்ணு முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"ஐயா, உலை கொதிக்குது. இருந்த அரிசி நேத்தோட தீந்துபோச்சு. பூசத்து அரிசி லாரி எப்ப வருது?"

வைத்தியலிங்கம் அரிசி மில்லுக்கு இன்னும் சொல்லவே இல்லை. லேப்டாப்பைப் பார்த்தார்.

அம்மா அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.

"ஐயா, இத்தனை நாளா இங்க விமானத்தை யார் ஓட்டினாங்க?"