முறை வருமுன் வைத்த கை

"மோசமான கை வந்தா ஆடணுமாம்மா, இல்ல கீழ வச்சிரணுமா?"

கேட்டவர் கோமதிநாயகம். வயது நாற்பத்தெட்டு. பஜாரில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

கேட்டது குழல்வாய்மொழி அம்மாவிடம். அவருக்கு வயதில் தங்கை மாதிரி. ஆனால் காவி கட்டியவர். ஆற்றங்கரையில் ஓட்டு வீடு ஒன்றில் இருக்கிறார். காலையில் தேவாரம், மத்தியானம் ரம்மி.

ஆமாம், ரம்மிதான். காவி கட்டிக்கொண்டு சீட்டாடுகிறாளே என்று ஊர் பேசும். பேசட்டுமே, ஊருக்கு வேறென்ன வேலை! அங்கே காசு வைத்து ஆடுவதில்லை. புளியங்கொட்டைதான் பந்தயம். தோற்றால் கொட்டை போகும், அவ்வளவுதான்.

அந்தப் புளியங்கொட்டைக்கே பயப்படுகிற ஆள் கோமதிநாயகம்.

பதின்மூன்று சீட்டைப் பிரித்துப் பார்ப்பார். முகம் சுருங்கும். "ஸ்கூட்" என்று கையைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஆட்டத்திலிருந்து ஒதுங்கிக்கொள்கிறவருக்கு அபராதம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தினமும் கட்டிக்கட்டியே அவர் டப்பா காலியாகிவிடும்.

"பதில் சொல்லுங்கம்மா."

அம்மா சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார்: "சீட்டைப் பத்தித்தான் கேக்கீங்களா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் தலையைக் குனித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாசானம் சிரித்துவிட்டார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் மாசானம். ஊரில் அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை.

"அந்த பால்வாடி டீச்சருக்கு சங்கரன்கோவிலுக்கு மாத்தல் ஆயிட்டு. வெள்ளிக்கிழமை கிளம்புதாங்க. அதான் அண்ணாச்சிக்கு சோறு இறங்கல."

"நீரு சும்மா இரும்வே!"

"நான் பொய்யா சொல்லுதேன்?"

பொய் இல்லைதான். செண்பகவல்லி டீச்சர் கணவரை இழந்து வெகு காலம் ஆகிறது. கோமதிநாயகம் தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். டீச்சர் தெருவில் வந்தால் அவர் கையிலிருக்கிற ஸ்க்ரூடிரைவர் தானாகக் கீழே விழும். ஆசை அந்த அளவுக்கு. ஆனால் என்னைக் கட்டிக்கிடுதீங்களா என்று கேட்க அவருக்கு வாய் வந்ததே இல்லை.

"எப்படிம்மா கேப்பேன்?" என்றார். "என் கையைப் பாருங்க. தலையில முடி இல்ல. கடைன்னு சொல்லிக்கிடுதேன், அது ஒரு பொந்து. நாலு வார்த்தை சேந்தாப்புல பேசினா நாக்கு குழறுது. இந்தக் கையை வச்சிக்கிட்டு யாராவது ஆட்டத்துல இறங்குவாங்களா? கேட்டு, அந்தம்மா முகம் சுளிச்சுட்டா நான் செத்துருவேன்."

அம்மா சீட்டைப் போட்டார்.

மாசானத்துக்குப் பதின்மூன்று. கோமதிநாயகத்துக்குப் பதின்மூன்று. தனக்குப் பதின்மூன்று. முதல் முறை மாசானத்துக்கு. அவர் ஒரு சீட்டை எடுத்து ஒரு சீட்டைக் கழிக்க வேண்டும். அடுத்தது கோமதிநாயகம்; மாசானம் கழித்த சீட்டு வேண்டுமென்றால் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

மாசானம் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் கோமதிநாயகம் கையைக் கவிழ்த்துவிட்டார்.

"ஸ்கூட்."

"உங்க முறை வந்துட்டா அண்ணாச்சி?"

"வரலம்மா. வந்தா மட்டும் என்ன? குப்பைக் கை."

அம்மா மாசானத்தைப் பார்த்து, "நீங்க ஆடுங்க" என்றார்.

மாசானம் ஒன்றை எடுத்தார். யோசித்தார். ஆர்ட்டின் ஏழைக் கழித்தார்.

அம்மா கைநீட்டி, கோமதிநாயகம் கவிழ்த்த சீட்டுகளைத் திருப்பிப் பரப்பினார். அதில் ஆர்ட்டின் ஆறு இருந்தது. எட்டும் இருந்தது.

கோமதிநாயகம் கொஞ்ச நேரம் அந்த மூன்று சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ மோசமான கையையும் ஆடணும்ங்கீங்க!"

அம்மா மறுபடி சீட்டைக் கலைத்தார்.

இந்த ஆட்டத்தில் கோமதிநாயகத்துக்கு எங்கிருந்துதான் அந்த வீரம் வந்ததோ! வந்த கை முன்னதைவிட மோசம். ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டுகள், நடுநடுவே ஜோடியில்லாத ராஜாவும் ராணியும். ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். மாசானம் எதைக் கழித்தாலும் பார்க்கவில்லை. சீட்டுக்கட்டிலிருந்து எடுப்பதும் எடுத்ததைக் கழிப்பதுமாக இருந்தார்.

முதல் சுற்றிலேயே அம்மாவின் முறை வந்தது. கோமதிநாயகம் கழித்த சீட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"ஸ்கூட்" என்று வைத்துவிட்டு, சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் மாசானம் கையை விரித்து வைத்தார். எல்லாம் சேர்ந்திருந்தது. கோமதிநாயகத்தின் டப்பாவிலிருந்து கொட்டைகள் அள்ளி அள்ளிப் போயின.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா இது அநியாயம்! என்னை ஆடச் சொல்லிட்டு நீங்க வச்சிட்டீங்க!"

"நான் எப்போ ஆடச் சொன்னேன்?"

"பின்ன? ஆறையும் எட்டையும் திருப்பிக் காட்டினீங்களே!"

"காட்டினேன்."

"இப்போ நீங்க ஏன் வச்சீங்க?"

"என் கை மோசம்."

"அய்யய்ய! எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். வைக்கணுமா, ஆடணுமா? ஒண்ணைச் சொல்லுங்கம்மா!"

"என் முறை வந்துச்சு. நீங்க போட்ட சீட்டைப் பாத்தேன். எனக்கு ஆகாத சீட்டு. வச்சேன்."

கோமதிநாயகம் மாசானத்தைப் பார்த்தார். மாசானம் கொட்டை எண்ணுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆற்றிலே யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"டீச்சர் என்ன போட்டாங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் அம்மா.

"அவங்க எங்கம்மா சீட்டாடுதாங்க?"

அம்மா சீட்டுக்கட்டை ஓரமாக வைத்தார்.

"அவங்க என்கிட்ட என்னத்தைப் பேசப் போறாங்க? கடைக்கு வருவாங்க. வேலையைச் சொல்லுவாங்க. போயிருவாங்க."

"என்ன வேலை?"

"மிக்சிம்மா. எப்பப் பாத்தாலும் அந்த மிக்சியைத் தூக்கிட்டு வந்துருவாங்க. பொங்கலுக்கு முன்னால வந்தாங்க. பங்குனி உத்திரம் முடிஞ்சதும் வந்தாங்க. நேத்துகூட வந்தாங்க. ஊருக்குக் கிளம்புதவங்க, சாமானெல்லாம் கட்டிப்போட்டிருக்கிற நேரத்துல!"

"சரி."

"அவங்க அதைக் கீழ வைக்கக்கூட நான் விடல. இன்னைக்கே பாத்துத் தந்திருதேன் டீச்சர், ஊருக்குப் போற அவசரத்துல இருப்பீகன்னேன். அவங்கதான், அவசரம் இல்ல, மெதுவா பாருங்க, வியாழக்கிழமை சாயந்தரம் நானே வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டுப் போனாங்க."

"பாத்தீங்களா?"

"ராத்திரியே பாத்துட்டேன். வேலைன்னு வந்தா நான் தள்ளிப் போடுத ஆள் இல்லம்மா."

"என்ன பழுது?"

கோமதிநாயகத்தின் காது மடல் சிவந்தது. எழுந்து நின்றார், மடியிலிருந்த டப்பா கவிழ்ந்து மிச்சக் கொட்டையெல்லாம் தரையில் சிதறியது.

"அம்மா," என்றார், மூச்சு வாங்க. "அந்த மிக்சியில ஒரு நாளும் ஒரு பழுதும் இருந்ததில்லம்மா!"