விளையாட்டு பீரியட்

குழந்தைகளின் விளையாடும் உரிமைக்காக முப்பத்திரண்டு நாட்டுக்காரர்கள் நாகர்கோவிலில் ஒரு பள்ளி அரங்கத்தில் வந்து கூடியிருந்தார்கள். மாநாட்டை நடத்துபவள் குமுதவல்லி. ஐம்பது வயதுக்காரி. பிள்ளைகளை எப்படி விளையாட விடுவது என்று அவளுக்குக் கற்றுத் தந்தவர் பிலோமினா டீச்சர். அவர்தான் மாநாட்டைத் துவக்கி வைக்க வேண்டும்.

டீச்சரை அழைத்துக்கொண்டு பள்ளி மைதானத்தைக் கடக்கையில் குமுதவல்லிக்கு இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தைய முதல் கூட்டம் ஞாபகம் வந்தது. மேடை இல்லை, மைக் இல்லை. நாலு நாட்டுக்காரர்களாக மொத்தம் பதினோரு பேர். ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்காது. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கபடிக்குக் கோடு கிழித்தார். ஜப்பானிலிருந்து வந்தவர் சிரித்துச் சிரித்தே மூச்சை விட்டு அவுட் ஆனார். குமுதவல்லிக்கு முழங்கால் சிராய்த்தது. அந்தக் காயம் ஆறிய பிறகும் அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், வருஷா வருஷம் கூடுறோம், தீர்மானம் போடுறோம். ஆனா அன்னைக்கு இருந்த என்னமோ ஒண்ணு இப்ப இல்ல. அது எங்க போச்சு?"

டீச்சர் நடுவழியில் நின்றுவிட்டார். மைதானத்தில் நாற்பது சிறுமிகள் காகிதக் கிரீடத்தோடு வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"இவங்க?"

"வரவேற்பு நடனம் டீச்சர். நம்ம ஊர் விளையாட்டையெல்லாம் ஆடிக் காட்டுவாங்க."

டீச்சர் முன்வரிசைச் சிறுமியிடம் குனிந்தார். "எத்தன நாளா பழகுறீங்க, மக்களே?"

"மூணு வாரமா டீச்சர்."

"எந்த நேரம்?"

"விளையாட்டு பீரியட்ல."

பள்ளிக்கு எழுதிக் கேட்டு அந்த நேரத்தை வாங்கியவள் குமுதவல்லிதான்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். சிறுமியின் தோளைத் தொட்டார்.

"நீ அவுட்டு! எங்க, என்னப் பிடி பாப்போம்."

சொல்லிவிட்டு ஓடினார். சிறுமி ஒரு கணம் விழித்தாள். பிறகு கிரீடத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் துரத்தினாள். வரிசை கலைந்தது. மைதானமே கூச்சலாயிற்று.

அரங்கத்து மைக் டீச்சரின் பெயரை இரண்டாம் முறை அழைத்தது. குமுதவல்லி பின்னாலேயே ஓடிப்போய்க் கொடிமரத்தடியில் அவரைப் பிடித்தாள்.

"டீச்சர், முப்பத்திரண்டு நாட்டுக்காரங்களும் உள்ள காத்துக்கிட்டு இருக்காங்க!"

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிவந்து, நெற்றியில் புழுதி ஒட்டியிருந்தது.

"உள்ள உக்காந்து எதுக்குக் காத்திருக்காங்க?" என்றார்.