டீ குடிக்கப் போன வாத்தியாரம்மா

“அப்டேட் போட்டதுல இருந்து ஹெட்செட் வாயே தொறக்க மாட்டேங்குது வாத்தியாரம்மா. இந்த லேப்டாப்புல ஓடுற லினக்ஸுக்கும் ப்ளூடூத்துக்கும் ஏழாம் பொருத்தம்” என்றார் ஆரோக்கியம்.

ஆரோக்கியம் இருபது வருஷம் டி.வி. மெக்கானிக்காக இருந்தவர். ஐம்பதுக்கு மேல் கம்ப்யூட்டர் வேலை பழக நபீசாவின் கடைக்கு வந்தார். அவளுக்கு முப்பது வயசுதான். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் வேல்மயில் எதிரே உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே கண் தெரியாதவர். திரையில் இருப்பதை லேப்டாப் வாசிக்கும், அவர் ஹெட்செட்டில் கேட்டுக்கொள்வார். லேப்டாப்பின் ஸ்பீக்கரும் வயர் குத்தும் துளையும் போன மழையில் நனைந்து செத்துவிட்டன.

பன்னிரண்டு மணிக்கு அதில்தான் வேலைக்கான தேர்வு எழுத வேண்டும். மணி பதினொன்றேகால்.

“என்னென்ன செஞ்சீங்க அண்ணாச்சி?” என்றாள் நபீசா.

“மொதல்ல ஹெட்செட்ல கோளாறான்னு பாக்க என் போன்ல சேத்தேன். கணீர்னு பாடிச்சு. அப்ப குத்தம் லேப்டாப்புலதானே? ப்ளூடூத்த நிறுத்தி எழுப்புனேன். இணைக்கச் சொன்னா வட்டம் சுத்துது, சுத்துது, விட்டுருது. கடைசில அப்டேட்டுக்கு முந்தின நெலைக்கே கொண்டுபோனேன்.”

“அப்பவுமா?”

“அப்பவும் ஊமை. இனி மொத்தமா அழிச்சு, புதுசா ஏத்த வேண்டியதுதான்.”

வேல்மயில் நிமிர்ந்தார். “என் ஆறு மாசப் படிப்பு அதுக்குள்ள இருக்கு. அழிச்சிட்டு, பரிச்சையும் நீங்களே எழுதிருவீங்களா அண்ணாச்சி?”

நபீசா ஆரோக்கியத்திடம் திரும்பினாள்.

“டி.வி. வேலையில ஸ்பீக்கர் நல்லாருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?”

“நம்ம செட்ல மாட்டிப் பாப்போம்.”

“பாத்து முடிச்சதும்?”

“வயரைப் பிடுங்கி, வந்தவரோட செட்ல மாட்டுவோம். இதென்ன கேள்வி?”

“சும்மாதான். உங்க போனைக் கொடுங்க. ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்.”

“டீ குடிக்க என் போன் எதுக்கு?”

கேள்வி முடியும்போது அவள் போனோடு படியிறங்கிவிட்டாள்.

“வீடு தீப்பிடிச்சு எரியுது, இந்தம்மாவுக்கு டீ கேக்குது” என்று முனகினார் ஆரோக்கியம். முனகிய கையோடு, எரிச்சலில், இணைக்கிற பொத்தானை இன்னொரு தட்டு தட்டினார்.

வட்டம் சுற்றியது. நின்றது.

வேல்மயில் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டார்.

“பேசுது! மணி பதினொன்னு இருபத்தெட்டுன்னு சொல்லுது! என்னத்தச் செஞ்சீங்க?”

ஆரோக்கியத்தின் கை, பழக்கதோஷத்தில், சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

வாசலைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை முக்கில் நபீசா நின்றாள். ஒரு கையில் டம்ளர். மறு கையில் அவருடைய போன். அவர் பார்ப்பதைக் கண்டதும், இன்னும் நாலடி தள்ளிப்போய் நின்றாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி, என்ன செஞ்சீங்க?” என்றார் வேல்மயில்.

“நான் ஒண்ணும் செய்யல. ஹெட்செட் இவ்வளவு நேரமும் என் போனையே பிடிச்சிட்டிருந்திருக்கு. வாத்தியாரம்மாதான் வயரைப் பிடுங்கினாங்க” என்றார் ஆரோக்கியம்.