சும்மாச்சாமி

டிராக்டர் முன்னால் தூக்குகிறது என்று படித்தவர், படிக்காதவர் எல்லாரும் நம்புகிறார்கள். இதை மிகுந்த வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. சுமை அள்ளித் தூக்கும் லோடர் மாட்டிய சின்ன டிராக்டர் தூக்குவது பின்னால். முன்னால் இருப்பது வெறும் கை.

இது குற்றாலிங்கத்துக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடம் செங்கோட்டைக் கணவாயில் மரத்தடி லாரி ஓட்டியவர். ஒரு தடிகூடச் சரிந்ததில்லை. அறுபத்திரண்டு வயதில் மடத்துக்கு வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான உலகம்மையிடம் சீடரானார். வந்த அன்றே ஆணவத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். லாரி ஓட்டிய பெருமை அதில் சேர்த்தியில்லை.

குருபூசை அன்று முதல் விறகை அடுப்படிக்குக் கொண்டுவருபவருக்கு மாலை போடுவது மடத்து வழக்கம். அந்த வருடம் அது குற்றாலிங்கத்தின் முறை. அதைப் பார்க்கவே அவருடைய பழைய சிநேகிதர்கள், டிரைவர்கள் ஆறு பேர், காலையிலேயே வந்து இறங்கியிருந்தார்கள்.

மடத்துப் பாதை குறுகல். விறகு லாரி கீழ்க் களத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மேட்டு அடுப்படி வரை டிராக்டர்தான். ஏழு மணிக்குள் அடுப்பு பற்றாவிட்டால் இரண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு தாமதமாகும்.

லோடரில் புளியங்கட்டைகளை அடுக்கியாயிற்று. டிராக்டரின் பின்னால் இடுப்பளவு உயரத்தில் சிமெண்ட் பாளம் ஒன்று மாட்டியிருந்தது. ஒன்றும் செய்யாமல் தொங்கிக்கொண்டிருப்பதால் மடத்தில் அதற்குச் சும்மாச்சாமி என்று பெயர்.

குற்றாலிங்கம் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“அம்மை, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க, சாமி.” மடத்தில் எல்லாரும் உலகம்மைக்குச் சாமிதான். சில நாள் டிராக்டரும்.

“சும்மா இருக்கிறவரை எதுக்குச் சுமக்கணும்? இவரைக் கழட்டிட்டா அந்த எடைக்கும் விறகையே ஏத்தலாமே.”

“கழட்டிப் பாருங்க. இங்கேயே, சமதரையில. ஒரு சாண் மட்டும் தூக்குங்க. பெல்ட்டைப் போட்டுக்கிட்டு.”

“ஒரு சாணுக்குப் பெல்ட்டா?”

உலகம்மை சீட்டில் தொங்கிய பெல்ட்டைக் காட்டினார். குற்றாலிங்கம் ஏறி உட்கார்ந்து போட்டுக்கொண்டார். பாளத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். உலகம்மை எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

குற்றாலிங்கம் லிவரை இழுத்தார். டிராக்டர் முக்கி முனகியது. பிறகு எழுந்தது. டிரைவர்கள் விசிலடித்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எட்டி விறகைப் பார்த்தார்.

விறகு தரையிலேயே இருந்தது. எழுந்திருந்தவை பின்சக்கரங்கள், அவற்றோடு அவர்.

“அண்ணாச்சி! விறகு உம்மைத் தூக்குது!” என்று ஒரு டிரைவர் கத்தினார்.

சமையல் தலைவர் ஆவுடையப்பன், நூற்றுப்பத்து கிலோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “நான் பின்னால தொத்திக்கிடுதேன் அம்மை. இந்த உடம்பு வேற எதுக்குத்தான் உதவுது?”

“எடைக்கு ஆளை வைக்கிறதில்லை, சாமி. நீங்க பயந்தா குதிச்சிருவீங்க.” உலகம்மை பாளத்தைக் காட்டினார். “அவரு குதிக்க மாட்டாரு.”

பிறகு குற்றாலிங்கத்திடம், “மெதுவா இறக்குங்க,” என்றார்.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. குற்றாலிங்கம் இறங்கினார். காது சிவந்திருந்தது. உதவிக்கு வந்த சிநேகிதனைக் கையால் விலக்கிவிட்டு, மறுபடி ஏறி டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து, சும்மாச்சாமியைத் தானே மாட்டினார். கொக்கியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, லோடரிலிருந்து நாலு கட்டையை எடுத்துக் கீழே போட்டார்.

இந்த முறை விறகு எழுந்தது. சக்கரங்கள் அசையவில்லை.

மணி ஆறரை.

“எவ்வளவு உயரத்துல கொண்டு போகட்டும், அம்மை?”

“முழங்காலுக்குக் கீழ. மேட்டுக்கு நேரா ஏறுங்க, பாதி வழியில திருப்பாதீங்க.”

“சரி.” குரலைத் தாழ்த்தினார். “அடுப்படி வாசல்ல மட்டும் ஒரு தரம் தலைக்கு மேல தூக்கிக் காட்டட்டுமா? பயலுக அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கானுக.”

“அடுப்பு தரையிலதானே இருக்கு, சாமி.”

குற்றாலிங்கம் கிளட்சை மிதித்தார். கியரைப் போட்டார். டிராக்டர் மேட்டில் ஊர்ந்து ஏறியது. நாய் ஒன்று அதை முந்திக்கொண்டு போனது. டிரைவர்கள் இருபுறமும் தள்ளி நடந்து வந்தார்கள், யாரும் விசிலடிக்கவில்லை. அவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். லாரியில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அடுப்பு பற்றியது.

மறுநாள் காலையில், குற்றாலிங்கத்துக்குப் போட்ட மாலை சும்மாச்சாமியின் கழுத்தில் கிடந்தது. அதற்குக் கழுத்து கிடையாது. கொக்கியில் என்று சொல்வதே சரி. பத்து மணிக்குள் மடத்து ஆடு அதைத் தின்றுவிட்டது.