நாலு நாற்பது பஸ்ஸும் பதினெட்டு நிமிடப் பேச்சும்

நெடுமேட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு விதிப் புத்தகம் இருந்தது. முப்பத்திரண்டு பக்கம். அதை மூன்று பேர் படித்திருந்தார்கள். மூன்று பேருக்கும் அது மனப்பாடம். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அந்த மூன்று பேர் நடத்திய அமைப்புக்கு 'எண்ண மேடை' என்று பெயர். நல்ல யோசனை வைத்திருக்கும் மாணவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் மேடையேறி, ஆளுக்குப் பதினெட்டு நிமிடம் பேசலாம். தலைவர் குணபாலன் ஆறு வருஷமாகப் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்துவருகிறவர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். செயலாளர் ஆக்னஸ், விதிப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பவள். மேடைப் பொறுப்பு சங்கிலி. சொன்னதைச் செய்வான். சொன்னதை மட்டும் செய்வான்.

இவர்களிடம்தான் செண்பகவல்லி போய்ப் பெயர் கொடுத்தாள்.

செண்பகம் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம். அவளுடைய யோசனை ஒரே வரிதான். ஆய்வக வகுப்பில் வருகைப் பதிவை முடிவில் எடுக்கிறார்கள். அதைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டும். வகுப்பு முடிவது நாலே முக்காலுக்கு. அவள் ஊர் பஸ் பல்கலைக்கழக வாசலுக்கு வருவது நாலு நாற்பதுக்கு. அதை விட்டால் ஏழரைக்குத்தான். அந்த பஸ்ஸும் ஊருக்குள் போகாது, விலக்கில் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் கருவேலங்காட்டு வழியே நடக்க வேண்டும். அதனால் அவள் நாலரைக்கே சோதனையை முடித்து, குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். பெயர் வாசிக்கும்போது ஆள் இருக்க மாட்டாள். ஆப்சென்ட்.

அவள் வருகை இப்போது எழுபத்து மூன்று சதவீதம். எழுபத்தைந்து இல்லாதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. மாதக் கடைசியில் பட்டியல் போய்விடும்.

ஏழு மனு எழுதிக் கொடுத்திருந்தாள். ஏழும் துறை அலுவலகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்திரமாக இருந்தன; மேலே டீ டம்ளர் வைத்திருந்தார்கள். இதை மாற்றக்கூடியவர் துணைவேந்தர் ஒருவர்தான். அவர் எண்ண மேடைக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவார் என்று கேள்விப்பட்டாள். கூட்டத்தில் பேச வேண்டும் என்று நினைத்தாலே உள்ளங்கை நனைந்துவிடும் அவளுக்கு. இருந்தாலும் பெயர் கொடுத்துவிட்டாள்.

விதி ஒன்பது, ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று ஒத்திகை பார்க்க வேண்டும் என்றது. விதி பத்து, இதற்கு முன் எங்கும் பேசாத பேச்சாக இருக்க வேண்டும் என்றது.

முதல் ஒத்திகையில் செண்பகம் கச்சிதமாகப் பதினெட்டு நிமிடம் பேசினாள். குணபாலன் கோட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆக்னஸ் புத்தகத்தைத் திறந்தாள்.

"செண்பகம், இப்ப நீ என்ன செஞ்ச?"

"ஒத்திகை பார்த்தேங்க்கா."

"பேசினியா, இல்லையா?"

"பேசினேன்."

"அப்ப இது பேசின பேச்சு. இனி மேடையில பேச முடியாது. வேற ஒண்ணு தயார் பண்ணு."

"அதுக்கும் ஒத்திகை பார்க்கணும்லாக்கா?"

"பார்க்கணும்."

"பார்த்தா அதுவும் பேசின பேச்சாயிருமே."

"ஆயிரும்," என்றாள் ஆக்னஸ். "அதனாலதான் சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லுதேன்."

செண்பகத்துக்கு அழுகை வந்தது. குணபாலன் கையை உயர்த்தினார். அவர் யோசிக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

"பேச்சைக் கேட்டது நாம மூணு பேருதான். நாம மறந்துட்டா? கேட்டவன் இல்லாத பேச்சு பேசாத பேச்சுதானே. நான் இப்பவே மறந்துட்டேன்."

"நான் கேக்கவே இல்லண்ணே," என்றான் சங்கிலி. "ஃபேன் ஏன் மெதுவாச் சுத்துதுன்னு பார்த்துட்டிருந்தேன்."

அவனுடைய முன்யோசனையைப் பாராட்டி உடனே ஒரு தீர்மானம் போட்டார்கள்.

ஆக்னஸுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் அவளுக்கு மறக்க நாலு நாள் அவகாசம் கொடுத்தார்கள். தினமும் காலையில் குணபாலன் அவளைச் சோதித்தார்.

"என்ன ஆக்னஸ், மறந்தாச்சா?"

"பஸ் ஒண்ணு வருது."

"எத்தனை மணிக்கு?"

"நாலு நாற்பது."

"அடடா. நேத்தைக்கு மாதிரியே இருக்கே."

ஐந்தாம் நாள் அவள் நாலு ஐம்பது என்று சொன்னாள். மூவரும் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது ஒத்திகையில் இந்த ஆபத்தே வரக் கூடாது என்று, செண்பகத்தை வாயைத் திறக்காமல் பேசச் சொன்னார்கள். அவள் நின்றாள். அவர்கள் பதினெட்டு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது நிமிடத்தில் கொஞ்சம் இழுவையாக இருக்கிறது, குறைத்துக்கொள் என்றார் குணபாலன். மூன்றாவது ஒத்திகையன்று அவளுக்கு ஆய்வக வகுப்பு. அவள் இல்லாமலே நடத்தினார்கள். மூன்றிலும் அதுதான் சிறப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து கம்பளம். பேச்சாளர் சிவப்பு வட்டக் கம்பளத்தின்மேல் நிற்க வேண்டும், அதை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. சங்கிலி பந்தல் கடையில் ஒரு சதுரக் கம்பளம் வாங்கி வந்து வட்டமாக வெட்டினான்.

"இறங்கக் கூடாதுன்னா, எப்ப ஏறணும்?" என்று கேட்டாள் ஆக்னஸ். "ஏறுறதுக்கு முந்தி கீழதானே நிக்கணும்? கீழ நிக்கக் கூடாதுல்லா."

இந்தக் கேள்விக்கு அவர்கள் ஒரு முழு மதியம் செலவழித்தார்கள். கடைசியில், பேச்சாளரை வெளியிலேயே கம்பளத்தில் உட்காரவைத்து நாலு பேர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு வருவது, பேசி முடித்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

"எங்க பிடிக்க?" என்றான் சங்கிலி. "வட்டத்துக்கு மூலை இல்லையே."

வெட்டிப் போட்ட நாலு மூலைகளையும் தேடி எடுத்து, கோணி ஊசியால் திரும்பத் தைத்தார்கள். கம்பளம் மறுபடி சதுரமாகிவிட்டதே என்று செண்பகம் மெல்லக் கேட்டாள். மூலைகள் கைப்பிடிகள், அவை கம்பளத்தில் சேராது, அங்கே மட்டும் கால் வைத்துவிடாதே என்று குணபாலன் அவளை எச்சரித்தார்.

விழா நாள் வந்தது. செண்பகத்துக்கு ஒதுக்கிய நேரம் நாலேகால். நாலு முப்பத்து மூன்றுக்கு முடித்தால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். துணைவேந்தர் கேட்டுவிட்டால், இனி அந்த பஸ்ஸுக்காக ஓடவே வேண்டாம்.

துணைவேந்தர் நாலு நிமிடம் தாமதமாக வந்தார். நிகழ்ச்சி தொடங்கியபின் கதவைத் திறக்கக் கூடாது என்று விதி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நின்ற சங்கிலி, "உள்ள விட முடியாதுங்கய்யா," என்றான். துணைவேந்தர் நெகிழ்ந்துபோனார். இப்படிப்பட்ட ஒழுங்கைத்தான் இத்தனை வருஷமாக எதிர்பார்த்தேன் என்று சொல்லி, அரங்கத்தின் பின்பக்க வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நடக்கிறது என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வராந்தா வழியாகத்தான் செண்பகத்தைத் தூக்கி வந்தார்கள். தன் பேச்சைக் கேட்க வேண்டிய ஒரே மனிதர் வெளியே உட்கார்ந்திருப்பதைக் கம்பளத்திலிருந்தபடி அவள் பார்த்தாள்.

"நிறுத்துங்கண்ணே," என்றாள் தூக்கியவர்களிடம். பிறகு, "ஐயா, ஆய்வகத்துல அட்டெண்டன்ஸ முடிவுல எடுக்காம தொடக்கத்துல எடுத்தா, நாலு நாற்பது பஸ்ஸுல போறவங்க பரீட்சை எழுதலாம்ய்யா. எங்க துறையில பதினோரு பேர் இருக்கோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ய்யா."

துணைவேந்தர் அழைப்பிதழைத் திருப்பி, பச்சை மையில் எழுதினார்: நாளை முதல் வருகைப் பதிவு வகுப்பின் தொடக்கத்தில். கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். ஏழு மனுவில் நடக்காதது இருபது வினாடியில் நடந்துவிட்டது. செண்பகம் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை இறக்கி விடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

"இறங்கக் கூடாது," என்றான் கம்பளத்தின் ஒரு மூலையைப் பிடித்திருந்த சங்கிலி.

சத்தம் கேட்டு ஆக்னஸும் குணபாலனும் மேடையின் பின்கதவு வழியாக வந்தார்கள். ஆக்னஸ் தாளைப் படித்தாள். அவள் முகம் வெளிறியது.

"அண்ணே, விதி பதினஞ்சு. நடைமுறைக்கு வராத புது யோசனையைத்தான் மேடையில பேசலாம். இது இப்ப யோசனை இல்ல, உத்தரவு. இவ பேச முடியாது."

"நான் பேசலைக்கா. அதான் நடந்துருச்சே."

"நடந்துருச்சுன்னு எவ்வளவு சாதாரணமாச் சொல்லுதா பாருங்க," என்றார் குணபாலன். "பதினெட்டு நிமிஷம் மேடை காலியாக் கிடக்குமே. கேமரா வேற ஓட ஆரம்பிச்சிருச்சு." அவர் துணைவேந்தர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஐயா பெரிய மனசு பண்ணி உத்தரவை ரத்து பண்ணணும். இல்லன்னா இந்தப் பிள்ளையோட யோசனை யாருக்கும் தெரியாமலே போயிரும்."

"விதின்னா விதிதான்," என்றார் துணைவேந்தர். தாளை அவள் கையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். "பேசி முடிச்சிட்டு வாம்மா. திரும்பக் கையெழுத்துப் போடுதேன்."

"அதோட ஐயா இப்ப கேட்டதையும் மறந்துரணும்," என்றாள் ஆக்னஸ். "விதி பத்து."

"எப்பவோ மறந்தாச்சு," என்றார் துணைவேந்தர். அதில் அவர் சொன்ன சொல் தவறாதவர்.

நாலு பதினெட்டுக்குச் செண்பகத்தை மேடையில் இறக்கினார்கள். மூன்று நிமிடமாக வெறும் மேடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கேமரா, அவளை எடுக்கத் தொடங்கியது. பயமெல்லாம் போய், கோபத்தில் அவள் நன்றாகப் பேசினாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. கைதட்டல் நிற்கும்வரை தூக்கியவர்கள் மெதுவாக நடந்ததால் வாசலில் பஸ்ஸும் இல்லை. அன்று அவள் மூன்று கிலோமீட்டர் நடந்தாள்.

மறுநாளே துணைவேந்தரைப் பார்க்கப் போனாள். அவருக்கு அவளை யாரென்று தெரியவில்லை. ஆனால் அதே வாரம் குணபாலன் விழாப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது, பதினெட்டு நிமிடத்தையும், வெறும் மேடை உட்பட, கண்கலங்கப் பார்த்தார். பார்த்துவிட்டு ஓர் உத்தரவு போட்டார். பஸ்ஸுக்காக வகுப்பை விட்டுப் போகும் மாணவர்களின் துயரம் அனைவருக்கும் தெரிய வேண்டும். ஆகவே வேதியியல் மாணவர்கள் எல்லோரும் தினமும் நாலு இருபத்தேழு முதல் நாலே முக்கால் வரை அரங்கத்தில் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். ஆய்வக வருகைப் பதிவையும் இனி எண்ண மேடைக்காரர்கள் அங்கேயே எடுப்பார்கள். படம் முடிந்த பிறகு.

அறிவிப்புப் பலகையில் இதைப் படித்த செண்பகம் மறுபடி ஒருமுறை படித்தாள். அப்போதும் அப்படியேதான் இருந்தது.

திங்கட்கிழமை படம் போட்டார்கள். முதல் மூன்று நிமிடம் காலி மேடை. எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவன் குறிப்பும் எடுத்தான். நாலரைக்குத் திரையில் செண்பகம் கம்பளத்தில் வந்து இறங்கினாள். அரங்கில் இருந்த செண்பகம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். போனால் போகட்டும், பரீட்சை இல்லை என்றே முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினாள்.

அவள் போனபின் நடந்ததை மறுநாள் சங்கிலி ஒன்றுவிடாமல் சொன்னான். படம் முடிந்து கடைசிக் காட்சி திரையில் அப்படியே நின்றதாம். ஆக்னஸ் பெயர் வாசித்தாளாம். "செண்பகவல்லி" என்றதும் எல்லோரும் திரையைப் பார்த்தார்களாம். அதில் அவள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆப்சென்ட் போடவா?" என்றாளாம் ஆக்னஸ்.

"எப்படிப் போடுவ?" என்றாராம் குணபாலன். "இத்தனை பேர் முன்னால நிக்கால்லா. இங்க இருக்கிறதுலேயே பெரிசாத் தெரியுறது அவதான்."

பிரசென்ட் போட்டார்கள். செவ்வாயும் போட்டார்கள். புதனும் போட்டார்கள். வியாழக்கிழமை காலையில் செண்பகம் பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். மூன்று நாளும் அவள் பெயருக்கு நேரே வருகை விழுந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஆக்னஸின் கையெழுத்தில், மூன்று முறையும், 'மூன்று நிமிடம் தாமதம்' என்று எழுதியிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது குணபாலன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவளைத் தனியே ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய், யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணு தாமதம் சேர்ந்தா ஒரு ஆப்சென்ட்டும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். நாளையில இருந்தாவது படத்துல கொஞ்சம் சீக்கிரமா வந்துரு."