பேர் வெட்டிய செம்புக் கட்டி

ராமாத்தாள் துணிப்பையைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் முற்றத்துக் குருவிகள் பறந்தன.

"என்னங்க அக்கா, கல்லா?" என்று கேட்டாள் தவமணி.

"செம்புங்கம்மா."

தவமணி குன்றடி மடத்தின் குரு. வயது முப்பத்தாறு. ராமாத்தாளுக்கு அறுபது நெருங்குகிறது. கணவர் இறந்து வெகுகாலம், பிள்ளைகள் இல்லை. பஞ்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மடத்துச் சமையலைப் பார்த்துக்கொண்டு சிஷ்யையாக இருக்கிறாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவை அம்மா என்பாள். புதிதாக வருகிறவர்கள் பெரியவளின் காலில்தான் முதலில் விழுவார்கள். ராமாத்தாள் பதறிப்போய், "அங்கீங்க, அங்கீங்க" என்று கையைக் காட்டித் திருப்பிவிடுவாள்.

பையிலிருந்து கட்டியை எடுத்துக் குருவின் முன்னால் வைத்தாள். குளியல் சோப்பு அளவுதான் இருந்தது. கையில் வாங்கினால்தான் கனம் தெரியும். மேலே ஒரு கம்பெனி முத்திரை. முத்திரைக்குக் குறுக்கே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ம. ராமாத்தாள்.

"மில்லுப் பணம் மொத்தமா வந்திருச்சுங்க. பூராத்துக்கும் இதையே வாங்கி வெச்சரலாம்னு இருக்கறேன். சரியா தப்பான்னு நீங்க சொல்லோணும்."

"இதை யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"டவுன்ல ஒரு கடைங்க. தங்கம் கைக்கு எட்டாமப் போயிருச்சு, வெள்ளியும் அது பின்னாலயே போயிருச்சு, அடுத்தது செம்புதானாம். ஒயரு, மோட்டாரு, கரண்டுல ஓடற காரு, எல்லாத்துக்கும் செம்பு வேணுமாம். இன்னைக்குள்ள சொன்னா இந்த விலைக்கே எடுத்து வெக்கறேன்னாரு."

"விலை ஏறுமா?"

"ஏறும்னு அடிச்சுச் சொல்றாருங்க."

"ஏறினாலும் ஏறும். எனக்குத் தெரியாது."

தவமணி கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அடுக்களைல அரிசி இருக்குதுங்களா?"

"மத்தியானத்துக்கே காணாதுங்க. வாங்கோணும்."

"இதைக் குடுத்து வாங்கிட்டு வாங்க."

"இதைக் குடுத்தா?"

"காசு எடுக்கக் கூடாது. இதை மட்டும் கொண்டு போயிட்டு அரிசியோட வாங்க."

தவமணியின் வழக்கம் அது. கேள்வி கேட்டால் பதில் வராது, எங்காவது அனுப்பிவிடுவாள். கோபத்தை அடக்குவது எப்படி என்று கேட்ட ஒருவரைக் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்ற அனுப்பியிருக்கிறாள். அவர் அப்புறம் கேள்வியே கேட்கவில்லை.

ராமாத்தாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் காசு எடுக்காமல் போவதில் சிரமமில்லை.

அரிசிக் கடைக்காரர் கட்டியைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "எனக்கு எதுக்குங்க இது? எடைக்கல்லாப் போட்டுக்கறதா?"

அடகுக் கடைக்காரர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார். "தங்கம் கொண்டாங்க, இந்த நிமிசம் பணம். வெள்ளின்னாலும் பேசலாம். இதை வாங்கி அடுக்கினா என்ற பீரோ சாஞ்சிருமுங்க."

மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடையில் ஒருவர் செம்புக் கம்பிக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தார். ராமாத்தாளுக்கு நம்பிக்கை வந்தது. அவர் சிரித்தார். "கம்பியா இருந்தாத்தானுங்க எனக்கு ஆகும். கட்டியை வெச்சுட்டு நான் என்ன பண்றது, தலைக்கு வெச்சுப் படுக்கறதா?"

கடைசியில் விற்ற கடைக்கே போனாள். ஏசி போட்ட கடை. வாங்க வாங்க என்று நாற்காலி போட்டவர், கட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, என்னங்கம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பேரு வெட்டினனுங்க. பாத்திரக் கடை வாசல்ல."

"கட்டில போயி யாருங்க பேரு வெட்டுவாங்க?"

"பொருள்னு ஒண்ணு வீட்டுக்கு வந்தா பேரு வெட்டாம எப்படிங்க வெக்கறது? என்ற வீட்ல கரண்டிக்குக்கூடப் பேரு இருக்குது."

"முத்திரை போச்சுங்கம்மா. இனி இதை நாங்க திருப்பி எடுக்க முடியாது. அடுத்து வாங்கறதுலயாச்சும் வெட்டாம இருங்க."

"வெட்டுவனுங்க," என்றாள் ராமாத்தாள். "என்ற பொருளுக்கு என்ற பேருதான்."

பழைய இரும்புக் கடை ஒன்றுதான் பாக்கி. அங்கே தராசில் வைத்தார்கள். தொகையைச் சொன்னார்கள்.

"நான் குடுத்ததுல பாதிதானுங்க வருது!"

"நீங்க குடுத்தது பளபளப்புக்கும் டப்பாவுக்கும் சேத்துங்க. நாங்க குடுக்கறது செம்புக்கு."

ராமாத்தாள் தராசிலிருந்து கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏதோ யோசித்தாள். ஆத்துப்பாலம் வந்தபோது தனக்குள்ளேயே சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மடத்தில் தவமணி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அரிசி?"

"இல்லீங்க."

"கட்டி?"

"இருக்குதுங்க."

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். இப்படி அனுப்பப்பட்டவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வருவார்கள். ராமாத்தாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி நின்றாள்.

"ஒருத்தனும் தொடலீங்கம்மா. அடகுக் கடைக்காரன் ஒத்தை விரல்ல தள்ளறான். வித்தவனே வேண்டாங்கறான்."

"சந்தோசமாச் சொல்றீங்களே அக்கா."

"சந்தோசந்தானுங்க. நீங்க அனுப்பினது நல்லதாப் போச்சு. பூராப் பணத்துக்கும் வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டேன்."

முறம் நின்றது.

"லாபம் வராதுன்னு தெரிஞ்சுமா?"

"லாபம் யாருக்குங்க வேணும்? என்ற தம்பி கேக்காம இருந்தாப் போதும்."

ராமாத்தாள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். தம்பி மாரப்பனைப் பற்றி. வளையலை ரெண்டு மாசத்துக்கு அடகு வைத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனான், வளையல் வரவில்லை. சங்கிலியும் அதே வழியில் போனது. மில்லில் கடன் வாங்கிக் கொடுத்ததையும் அவளே சம்பளத்தில் கட்டி முடித்தாள்.

"பேங்குல போட்டா பாஸ்புக்கு எங்கேன்னு வந்து நிப்பான். நகையா வாங்கினா அவன் பொண்ணு கழுத்துக்குப் போயிரும். இது கழுத்துல ஏறாது, அடகுக்குப் போகாது. எல்லாம் செம்பாப் போச்சுடா, விக்க முடியாதுடான்னு கையை விரிச்சிருவேன். அது பாட்டுக்குக் கட்டிலுக்கடியில கெடக்கும். எனக்குன்னு ஒண்ணு இருக்குது, எவன் வாசல்லயும் போயி நிக்க வேண்டியதில்லைன்னு நானும் அதும்மேல நிம்மதியாத் தூங்குவேன்."

தவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காசைப் பெருக்க வந்தவங்களுக்குச் சொல்ற பதிலை உங்களுக்குச் சொல்லிட்டேன் போல."

"பதில் நல்ல பதிலுங்க."

"தம்பிகிட்ட, தரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா ஆகாதுங்களா?"

ராமாத்தாள் தரையைப் பார்த்தாள்.

"பொறந்த வீடுன்னு அவன் ஒருத்தன்தானுங்க. நான் கண்ணை மூடினா கோடித் துணி அவன்தான் கொண்டாரோணும். பொறந்த வீட்டுக் கோடி விழாத பொணம்னு என்னைப் பத்தி ஊர் பேசப்படாதுங்க."

"அதனால நீங்க சொல்ல வேண்டியதைச் செம்பு சொல்லோணும்."

"ஆமாங்க."

"ரொம்பக் கனமான வார்த்தையா இருக்குதே அக்கா," என்று சொல்லிவிட்டுத் தவமணி மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

வெளியே பைக் சத்தம் கேட்டது. மாரப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். குருவைப் பார்த்துக் கும்பிட்டான். மரியாதை தெரிந்தவன்தான். பேச்சும் இனிப்பாக இருக்கும்.

"அக்கா, வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்துச்சு. மில்லுப் பணம் வந்திருச்சாமா? மாடியில ரெண்டு ரூம்பு எடுக்கறேன். ஒண்ணு உனக்குத்தான்."

"கீழ் வீடு கட்டறப்பவும் ஒண்ணு எனக்குன்னே."

"அதுல இப்ப இன்வெர்ட்டர் வெச்சிருக்குதுக்கா."

ராமாத்தாள் மூச்சை இழுத்துக்கொண்டாள். கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்திருந்த பேச்சு அது.

"பணமெல்லாம் இப்படி ஆயிருச்சுடா. பூராவும் செம்பு வாங்கிட்டேன். விக்கவே முடியாது. இன்னைக்கு ஊர் பூராச் சுத்திட்டு வந்தேன், அம்மாவைக் கேளு. அடகுக்கும் எடுக்க மாட்டீங்கறான். இரும்புக் கடையில பாதி விலைக்குக் கேக்கறான்."

மாரப்பன் கட்டியைக் கையில் எடை போட்டுப் பார்த்தான். பேரைப் படித்தான். சிரித்தான்.

"பாதி வருதில்ல? பாதி போதும்க்கா. எடைக்குப் போட்டுரலாம். டெம்போவுக்கு நான் சொல்லிக்கறேன்."

"பாதி நட்டமாப் போகுமேடா!"

"நட்டமானா ஆகட்டும், விடு. பணம் என்னக்கா பணம்."

ராமாத்தாள் அவன் கையிலிருந்த கட்டியையே பார்த்தாள். காலையிலிருந்து அவள் சுமந்த சுமை, ஊரே வேண்டாமென்று தள்ளிய பொருள். அவன் அதைத் தேங்காய் மூடி மாதிரி தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதில் நட்டமே கிடையாது. அவளுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

குருவின் பக்கம் திரும்பினாள். தவமணி முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ராமாத்தாள் கையை நீட்டிக் கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன்."

"செம்பு எனக்கு எதுக்குக்கா, காசாக்கிக் குடு."

"செம்பைச் சொல்லலை. பணத்தைச் சொல்றேன். இப்பச் சொன்னது பொய். இந்த ஒரு கட்டிதான் வாங்கினேன். பாக்கிப் பணம் பூரா பேங்குல அப்படியே இருக்குது. இருக்குதுடா மாரப்பா. உனக்குக் குடுக்க மாட்டேன்."

மாரப்பன் குருவைப் பார்த்தான்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா இது?"

"நான் அரிசி வாங்கத்தானுங்க அனுப்பினேன்," என்றாள் தவமணி.

"அக்கா, நல்லா யோசிச்சுப் பேசு. அப்புறம் உனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கெடையாது. நீ போற அன்னைக்குக் கோடி வராது. பாத்துக்கோ."

இதைக் கேட்கத்தான் ராமாத்தாள் இத்தனை வருடமாகப் பயந்திருந்தாள். கேட்டாயிற்று. முற்றத்தில் வெயில் அப்படியே இருந்தது. குருவிகள் சிந்திய கேழ்வரகைக் கொத்தின.

"வராட்டிப் போகுது," என்றாள். "நானே கடைக்குப் போயி எடுத்து வெச்சுக்கறேன். நீ எடுத்தா வெள்ளைதானே எடுப்பே? எனக்குப் புடிச்ச கலர்ல நான் எடுக்கறேன் போ."

"பைத்தியம் புடிச்சிருச்சு உனக்கு."

"பைத்தியம் இப்பத்தான்டா தெளிஞ்சிருக்குது. வளையல் எங்கேன்னு கேக்கறதுக்குள்ள கெளம்பு."

மாரப்பன் செருப்பைச் சரியாக மாட்டிக்கொள்ளாமலே போனான். பைக் இரண்டு மூன்று உதைக்குப் பிறகுதான் கிளம்பியது.

சத்தம் தேய்வதற்குள் ராமாத்தாளின் போன் அடித்தது. செம்பு விற்ற கடைக்காரர்.

"அம்மா, எடுத்து வெச்சரட்டுங்களா? நாளைக்கு விலை ஏறிருமுங்க."

"ஏறட்டுமுங்க."

"நல்ல வாய்ப்புங்கம்மா. அப்புறம் வருத்தப்படுவீங்க."

"வேற யாராச்சும் ஆசையா இருப்பாங்க, அவங்களுக்குக் குடுங்க. எனக்கு வேண்டாம்."

இரண்டாவது தடவை மறுப்பது எளிதாக இருந்தது. போனை வைத்த பிறகு தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் கலங்கவில்லை. வாய் மட்டும் உலர்ந்திருந்தது. தவமணி எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராமாத்தாள் பாதியைக் குடித்தாள்.

"அம்மா."

"சொல்லுங்க அக்கா."

"அவன் நெசமாவே வராமப் போயிருவானுங்களா?"

"வராமலும் போலாம்."

ராமாத்தாள் தலையாட்டினாள். ஆறுதலுக்காகக்கூடக் குரு பொய் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"துணி நானே எடுத்து வெச்சுக்குவேன், அது பெருசில்லீங்க. ஆனா கோடின்னா யாராச்சும் கொண்டாந்து போத்தோணுமே. செத்தவளே எந்திரிச்சுப் போத்திக்க முடியுமா?"

தவமணி சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் கொண்டாந்து போத்தறேன் அக்கா. என்ன கலர்னு மட்டும் இப்பவே சொல்லி வைங்க."