மூடிய கூடை

ஆனைக்குளம் ஜமீன்தாருக்கு விடுகதை போடுவதில் ஆசை. அதைவிட ஆட்டுக்கறியில் ஆசை. ஆடு வைத்திருக்கும் ஊராரை முறை வைத்துக் கூப்பிட்டு விடுகதை போடுவார். விடை தப்பினால் சொன்னவரின் ஆடு ஜமீன்தாருடைய கொட்டிலுக்குப் போய்விடும்.

"வீட்டை முதுகில் சுமந்து நடக்கும் பிராணி எது?"

குப்பாண்டி, "ஆமை" என்றான்.

"நத்தையடா, மடையா!"

மறுநாள் மாராயி, "நத்தை" என்றாள்.

"ஆமைதான், போ!"

அடுத்த முறை செங்காயிக்கு, அதே விடுகதைதான். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கறவை ஆடு. அவள் மூடிய கூடையோடு சபைக்கு வந்தாள்.

"விடை இதற்குள் இருக்கிறது எசமான். சரியான விடையை நீங்கள் சொல்லுங்கள், திறந்து காட்டுகிறேன்."

கூடை பெரியது. உள்ளே ஆமைதான் என்று முடிவு செய்த ஜமீன்தார், அவள் விடையைத் தப்பாக்க, "நத்தை!" என்றார்.

செங்காயி துணியை விலக்கினாள். உள்ளே ஓர் ஆமை. அதன் ஓட்டின் மேல் ஒரு நத்தை.

"நத்தையேதான் எசமான். அப்படியானால் மாராயி ஆட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள்."

"இல்லை, இல்லை, ஆமை!"

"அதுவும் இருக்கிறதே. குப்பாண்டி ஆட்டையும் அவிழ்க்கச் சொல்லுங்கள்."

சபை சிரித்த சிரிப்பில் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஜமீன்தாருக்கு அந்த வசதி இல்லை.